பூ என்று கத்துவது

பச்சை விளக்கு எரிந்ததும் அரங்கில் இருந்த குழந்தைகள் எல்லாம் கத்த ஆரம்பித்தார்கள். அப்பா அம்மாக்களும்தான். மேடையின் ஓரத்திலிருந்து சிண்ட்ரெல்லாவின் சிற்றன்னை வந்துகொண்டிருந்தார். அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நடந்து வந்தார், அவ்வளவுதான்.

அம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டார். "இன்னாடா, எல்லாம் பூ பூன்னு கத்துதுங்க? பூவா விக்கிறா அவ?"

"இல்லம்மா, அவ கெட்டவ. அதுக்குத்தான் கத்தறாங்க."

"இப்பதானே வந்தா?"

என் மகள் இருக்கையின் நுனிக்கு வந்து, இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, நான் அவளிடம் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் "பூ..." என்று நீட்டினாள். அவளுக்கு ஏழு வயது. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் சந்திப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையிலேயே அவள் குரல்தான் பெரிது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று வயிற்றைப் பிசைந்தது. டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு நாடகம் பார்க்கப் போய், டிக்கெட் காசுக்குச் சிரித்துவிட்டு வரவேண்டியவன், அந்தப் பிசைவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாண்டோமைம் என்றதும் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு இல்லாத சுவரைத் தடவும் மௌன நடிப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கிற, காது கிழியும் சத்தமுள்ள நாடகம் அது. சிண்ட்ரெல்லா, அலாவுதீன், ஜாக்கும் அவரைக்கொடியும் என்று எல்லாருக்கும் தெரிந்த கதையாகத்தான் இருக்கும். கதைக்காக யாரும் போவதில்லை, சடங்குக்காகப் போகிறார்கள். வயதான அம்மாவாக ஓர் ஆண் வேஷம் கட்டுவார். அந்த வேஷத்துக்கு டேம் என்று பெயர். இளம் கதாநாயகனாகப் பல சமயம் ஒரு பெண் வருவார். நல்ல தேவதை நடிகரின் வலப்பக்கத்திலிருந்தும் வில்லன் இடப்பக்கத்திலிருந்தும் நுழைய வேண்டும் என்று ஒரு பழைய விதி. இடைக்காலச் சமய நாடகங்களில் சொர்க்கத்தை வலப்பக்கமும் நரகத்தை இடப்பக்கமும் வைத்திருந்ததன் மிச்சம் அது என்பார்கள். வில்லன் வந்தால் 'பூ'. யாராவது "ஆமாம்" என்று சொன்னால் "இல்லவே இல்லை!" நாயகனின் முதுகுக்குப் பின்னால் பேயோ கரடியோ வந்து நின்றால் "பின்னால பாரு!" பார்வையாளருக்கு இங்கே வசனம் உண்டு. வசனத்தை மனப்பாடம் செய்யாதவர்கள் குழந்தைகள் மட்டுமே. அவர்களும் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் இது வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஆட்டமாகத்தான் ரொம்ப நாள் இருந்தது. 1945இல் தொடங்கிய தி ஸ்டேஜ் கிளப் என்ற ஆங்கில அமெச்சூர் குழு இங்கே பாண்டோமைம் போட்டுவந்தது. பிறகு 2000இல் ஐவன் ஹெங் தொடங்கிய வைல்ட் ரைஸ் குழு, 2003இல் சிண்ட்ரெல்லாவின் பெயரோடு ஒரு 'லா'வைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த 'லா' பெரிய விஷயம். சிற்றன்னை சிங்லிஷ் பேசலாம், எம்ஆர்டி கோளாறைக் கிண்டல் செய்யலாம், குழந்தைக்குப் புரியாத அரசியல் நகைச்சுவையை அப்பாவின் காதில் மட்டும் விழும்படி எறியலாம். 2014இல் அவர்கள் குரங்கு அரசனை மேடையேற்றினார்கள், 2017இல் வெள்ளைப் பாம்பின் கதையை. பழைய சீனக் கதையில் துறவியிடம் மாட்டிக்கொள்ளும் பாம்புப் பெண், இங்கே பிள்ளை வளர்க்கும் ஓர் அம்மாவாக வந்தாள். யாரை நோக்கிக் கத்துவது என்ற கேள்வியையே கொஞ்சம் புரட்டிப் போட்ட யோசனை அது.

நாங்கள் பார்த்தது அவ்வளவு யோசனை உள்ள நாடகம் இல்லை. சாதாரணமானது, நன்றாகவே செய்திருந்தார்கள். டேம் வந்தபோது மகள் வாயைப் பிளந்தாள். அம்மா அசையவே இல்லை. "இதுல இன்னா இருக்குது? எங்க ஊர்க் கூத்துல திரௌபதிக்கே மீசை மழிச்ச தடம் தெரியும்" என்றார்.

ஒவ்வொரு மேடைக்கும் ஒரு மரியாதை முறை உண்டு என்பது இந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்துக் கெத்தாய் மேடைக்கு முன்னால் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். ஆவிகளுக்கு. சின்ன வயதில் தெரியாமல் அதில் ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து புளோக் அங்கிள் ஒருவர் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. பள்ளியிலிருந்து அழைத்துப்போகும் நாடகம் என்றால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். கோயில் நாடகம் என்றால் வடை சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். அமைதியாக இரு, வரிசையில் நில், கையைத் தூக்கிவிட்டுப் பேசு என்றே கேட்டு வளரும் குழந்தையிடம் ஓர் அரங்கமே "கத்து, இன்னும் சத்தமாகக் கத்து" என்று சொன்னால் அது குடிக்காத மதுபோல ஏறிவிடும். என் மகளுக்கு ஏறியது.

இடைவேளையில் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தோம். மகள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "அப்பா, அந்த ஸ்டெப்மதர் இங்க வந்தா நான் பூ பண்ணலாமா?"

"இங்க எல்லாம் பண்ணக்கூடாதும்மா."

"ஏன்? அவங்க பேட் தானே?"

"அவங்க நடிக்கிறாங்க. நெஜத்துல நல்லவங்களா இருப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் காப்பாற்றினார். "அவளும் ஒண்ணுக்குப் போவணும்ல. போய்ட்டு வந்தப்புறம் கத்திக்கோ."

நான் அங்கே நின்றபடி யோசித்தது இதுதான். குழந்தைக்கு நன்மை தீமை சொல்லிக்கொடுப்பதற்குத்தான் கதைகள் என்கிறோம். ஆனால் இந்த அரங்கில் அவள் கற்றது நன்மை தீமையையா? சிற்றன்னை தீமை செய்து, அதைப் பார்த்து, மனம் கொதித்து அவள் கத்தவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, பக்கத்து வரிசை கத்தியது, அதனால் கத்தினாள். கத்திய பிறகுதான் அந்தம்மா கெட்டவர் என்று நம்ப ஆரம்பித்தாள். தீர்ப்பு முதலில் வந்தது. குற்றம் அதற்குப் பின்னால் சாவகாசமாக வந்து சேர்ந்துகொண்டது.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஆறாம் பகுதியில் ஓர் இடம் உண்டு. கூலி வாங்கிக்கொண்டு பாடம் சொல்லும் சோஃபிஸ்டுகள்தான் இளைஞர்களைக் கெடுக்கிறார்கள் என்று ஊர் குறை சொல்கிறது. சாக்ரடீஸ், அப்படிச் சொல்கிற ஊரேதான் எல்லாரையும்விடப் பெரிய சோஃபிஸ்ட் என்கிறார். சபையிலும் நீதிமன்றத்திலும் நாடக அரங்கிலும் கூட்டமாக உட்கார்ந்துகொண்டு சிலதைக் கூச்சலிட்டுப் பழிக்கிறார்கள், சிலதைக் கைதட்டிப் புகழ்கிறார்கள். சுற்றியுள்ள பாறைகள் எதிரொலித்து அந்தச் சத்தத்தை இரட்டிப்பாக்குகின்றன. நடுவில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்குத் தனியாக யார் என்ன சொல்லிக்கொடுத்திருந்தாலும் அந்த வெள்ளத்தில் நிற்குமா என்று கேட்கிறார். நாடகத்தைப் பற்றி பிளேட்டோ சொன்ன பலவற்றோடு எனக்கு ஒத்துப்போகாது. கவிஞர்களை ஊரைவிட்டு அனுப்பச் சொன்னவர் அவர். இந்த இடத்தில் மட்டும் அவர் எங்கள் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. அவர் பயந்தது மேடையைப் பார்த்து அல்ல. இருக்கைகளைப் பார்த்து.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது. இளமையும் பேதைமையும் மடனும் பின்னால்தான் வருகின்றன. முதலில் நிற்பது எள்ளல்.

ஆனால் பாதி நாடகத்தை வைத்து முடிவு கட்டுவது நியாயம் இல்லை. இரண்டாம் பாதியில் அந்த பெஞ்சுக் காட்சி வந்தது. பாண்டோமைமில் பெரும்பாலும் இருக்கும் காட்சி. மூன்று பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பயம் போகப் பாட்டுப் பாடுவார்கள். பின்னால் பேய் வரும். குழந்தைகள் "பின்னால பாரு" என்று அலறுவார்கள். அவர்கள் தப்பான பக்கம் திரும்புவார்கள், பேயும் கூடவே சுற்றிக்கொள்ளும். ஒவ்வொருவராகப் பேய் இழுத்துக்கொண்டு போகும். மிச்சம் இருப்பவர் பாடிக்கொண்டே இருப்பார்.

பெரியவர்களுக்கு இது ஆயிரம் முறை பார்த்த வேடிக்கை. என் மகளுக்கு வேடிக்கையாக இல்லை. முதல் ஆள் போனதும் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டாவது ஆள் போனபோது குரல் உடைந்தது. "அப்பா, ஏன் அவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது? நான் சொல்றேன்ல!" கண்ணில் தண்ணீர். சிரித்துக்கொண்டிருந்த நான் நிறுத்திக்கொண்டேன்.

அதே தொண்டைதான், அதே அரங்கம்தான். ஆனால் முன்னால் கத்தியது ஒருவர் மேல் விழுவதற்காக. இது ஒருவருக்காக. பேயை அவள் கண்ணால் பார்த்தாள், அந்த ஆளுக்கு ஆபத்து என்று அவளுக்கே தெரிந்தது. பக்கத்து வரிசை கத்தாமல் இருந்திருந்தாலும் இதை அவள் கத்தியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அப்பன் என்பதால் அப்படி நினைக்கிறேனோ என்னவோ.

ஆண்டர்சன் 1837இல் எழுதிய அரசனின் புதிய உடை கதையிலும் ஒரு குழந்தைதான் கத்துகிறது. வைல்ட் ரைஸ் 2015இல் அதையும் மேடையேற்றியது. அந்தக் கதையை உண்மை பேசும் துணிச்சலின் கதையாகவே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குழந்தைக்கு அடுத்து நடப்பதுதான் உறுத்தும். குழந்தை சொன்னதைப் பக்கத்தில் இருப்பவர் சொல்கிறார், அவர் சொன்னதை அடுத்தவர் சொல்கிறார், கடைசியில் ஊரே கத்துகிறது. அது வரைக்கும் அரசன் போட்டிருக்கும் பட்டாடையைப் புகழ்ந்த அதே ஊர். அவர்களுக்கு ஒரே நிமிடத்தில் துணிச்சல் வந்துவிட்டதா? வசனம்தான் மாறியது. பட்டு என்று கத்துவது பாதுகாப்பாக இருந்தபோது அதைக் கத்தினார்கள். இப்போது அம்மணம் என்று கத்துவது பாதுகாப்பு.

நாடகம் முடியப்போகும் நேரம். சிற்றன்னை தோற்றுப்போய், கந்தல் உடுத்தி, கையில் வாளியும் துணியுமாகத் தரை துடைக்க மேடையில் முட்டிபோட்டார். அரங்கம் கைகொட்டிச் சிரித்தது. மகள் மறுபடியும் கையைக் குவித்துக்கொண்டாள். அம்மா மட்டும் "ச்சு" என்றார்.

"யாராச்சும் ஒருத்தர் அழுவணும்ல?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் அதைப் பற்றிக் கேட்டேன். அம்மா செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1982இல் அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடவேண்டும். திருவிழா என்றால் பகலில் பாரதக் கதை, இரவெல்லாம் கூத்து. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம்.

படுகளத்தை நான் படித்துத்தான் அறிவேன். அம்மா பார்த்திருக்கிறார். கோயில் திடலில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அம்மா சொன்ன கணக்கில், "ஒரு பஸ்ஸு நீளம்" இருப்பான். மார்பும் கிரீடமும் வண்ணம் தீட்டி, கண்ணை விழித்தபடி கிடப்பான். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பீறிட்டு வரும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிப்பாள். ஊரே குலவை இடும்.

"அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சிக்காத" என்றார் அம்மா. "அப்புறந்தான் அவன் ஆத்தாக்காரி வருவா. காந்தாரி. தலைய விரிச்சிப் போட்டுகினு அவன் மேல வுழுந்து ஒப்பாரி வைப்பா. அப்ப பாக்கணும் நீ. கொஞ்ச நேரம் முன்னாடி அவனைத் திட்டினவளுங்க எல்லாம் முந்தானையில கண்ணத் தொடைப்பாளுங்க. எங்க அம்மா அழுவும். எனக்கு ஏன்னே தெரியாது, நானும் அழுவேன்."

"கெட்டவனுக்கா அழுவீங்க?"

"கெட்டவன்தான். செத்துப்போய்ட்டான்ல. பெத்தவ அழுவுறால்ல."

திரும்பிப்போகும்போது துரியோதனன் உடம்பிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய் வீட்டு நெல் குதிரில் போடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு அம்மா பேத்தியின் தட்டிலிருந்த காயா டோஸ்டில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

இங்கே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலும் திரௌபதிக்குச் சன்னதி உண்டு. தீபாவளிக்கு முன்னால் தீமிதி நடக்கிறது, அதற்கு முந்திய வாரங்களில் பாரதக் கதையின் காட்சிகளை நடத்திக்காட்டுகிறார்கள். அம்மா வருடம் தவறாமல் போகிறார். நான் நெருப்பை மட்டும் பார்த்துவிட்டு வருபவன். நெருப்பில் இறங்குவதற்கு முன்னால் இவ்வளவு கதை கிடக்கிறது என்பதும், அந்தக் கதைக்குள் வில்லனுக்காக அழவேண்டிய ஓர் இடம் இருக்கிறது என்பதும் எனக்கு நாற்பது வயதில், கோப்பிக் கடையில்தான் உறைத்தது.

இதை வைத்து நம் கூத்து உயர்வு, அவர்கள் பாண்டோமைம் மட்டம் என்று எழுதலாம்தான். எழுதினால் பொய்யாகிவிடும். பாண்டோமைமிலும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அது நாடகத்துக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். திரை மூடித் திறந்து நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து வணங்குவார்கள். சிற்றன்னை வந்தபோது அரங்கம் கடைசியாக ஒருமுறை 'பூ' என்றது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, "போதாது, இன்னும்" என்று சைகை காட்டினார். இன்னும் கத்தினார்கள். பிறகு இடுப்புவரை குனிந்து வணங்கினார். அந்தக் குனிதலில் 'பூ' எல்லாம் கைதட்டலாக மாறியது. மகள் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டினேன். அவளும் தட்டினாள், கொஞ்சம் தயங்கித்தான். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆக அந்தம்மா மேல் விழுந்த கூச்சல் அவரே கேட்டு வாங்கியது. அதற்கு இரண்டரை மணி நேரம்தான் ஆயுள். முடிந்ததும் அவர் நிமிர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார். இதில் தப்பே இல்லை. குழந்தையைத் தாராளமாக அழைத்துப்போகலாம், அடுத்த டிசம்பரிலும் போவேன். என்னைப் பிசைந்தது சிக்கலான விஷயம் இல்லை. தொண்டைக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டு வாங்குகிறவர் மேல் கத்தும்போதும், கேட்காதவர் மேல் கத்தும்போதும் உள்ளே ஏறும் சந்தோஷம் ஒன்றேதான். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் கத்தியிருக்கிறேன்.

1998. உயர்நிலை இரண்டு. எங்கள் தமிழாசிரியை பிரசவ விடுப்பில் போனார், பதிலுக்கு ஒரு ரிலீஃப் சார் வந்தார். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். ஒல்லி, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. முதல் நாள் யாரோ கையைத் தூக்கியதும், "இன்னாப்பா?" என்றார். அவ்வளவுதான். பதினாறு பேர் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து மலாய் வகுப்பு எட்டிப்பார்த்தது. அன்றைக்கே அவருக்கு 'இன்னா சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்புவார். பின்னாலிருந்து ஒருவன் "இன்னா..." என்று இழுப்பான். மற்றவர்கள் "ஊ..." என்போம். அவர் திரும்புவார். நாங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மறுபடியும் எழுதத் திரும்புவார். பெஞ்சுக் காட்சிதான், நாங்கள் பேயாக இருந்தோம். அவரிடம் "பின்னால பாருங்க சார்" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

திருக்குறளில் 'இன்னா செய்யாமை' என்று ஓர் அதிகாரம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பிறருக்குத் துன்பம் செய்யாதிருப்பது பற்றியது. பாடத்திட்டத்தில் அந்த வாரம் அது வந்தது. தலைப்பை அவர் வாசித்தபோதே வகுப்பு வெடித்துவிட்டது. குறள்களில் 'இன்னா' வரவர நாங்கள் சேர்ந்து கத்தினோம். அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வாசித்துக்கொண்டே போனார். காது மட்டும் சிவந்திருந்தது. அதிகாரத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றார். தவணை முடிவதற்குள் போய்விட்டார். வேறு வேலை கிடைத்ததா, தானாகப் போனாரா, யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அவருக்காகக் குனிந்து வணங்கும் நேரம் ஒன்று வரவில்லை.

மற்ற பதினைந்து பேருக்கு அது வெறும் கிண்டல். வெளியூர்க்காரன், வேறு மாதிரி பேசுகிறான். என் விஷயம் வேறு. தினமும் மத்தியானம் வீட்டுக் கதவைத் திறந்து "இன்னாடா, இவ்ளோ லேட்டு?" என்று கேட்கிற ஒருவரிடமிருந்துதான் நான் தமிழே கற்றேன். அப்பா இங்கேயே பிறந்தவர், வெளியில் நான் அவர் மாதிரிப் பேசிப் பழகியிருந்தேன். அதனால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில்தான் நான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். அந்த வருடம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு அப்பா மட்டும் வந்தால் போதும் என்று சொன்னேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "சரிடா, நீங்களே போய்ட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

வயிற்றைப் பிசைந்தது அதுதான். என் மகளின் அந்தப் பெரிய குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை என்று எழுதினேன். கேட்டிருக்கிறேன். உள்ளேயிருந்து.

சிட்டி ஹாலில் ரயில் ஏறினோம். கூட்டம் அதிகம், ஆர்ச்சர்ட் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஆயாவைச் சிற்றன்னையாக்கி விளையாட ஆரம்பித்தாள். அம்மாவும் சளைக்காமல் "ஏய், பாத்திரத்த வெளக்குனியா இல்லியா? இன்னாடி மொறைக்கிற?" என்று மிரட்டினார். மகள் சத்தம் வராமல் 'பூ' என்று வாயசைத்தாள், ரயிலில் கத்தக்கூடாது என்று தெரிந்தவள். எதிரில் நின்ற இரண்டு தமிழ்ப் பையன்கள், பள்ளி முடித்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விளையாட்டைப் பார்த்துச் சிரித்தார்களா, பேச்சைக் கேட்டா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிரேடல் தாண்டி ரயில் தரைக்கு மேலே வந்தபோது மகள் தூங்கிவிட்டாள். நான் அம்மாவிடம் சொன்னேன். முழுக்க இல்லை. "உயர்நிலை ரெண்டு படிக்கிறப்ப ஒரு சார் வந்தாரும்மா, ஊர்லேருந்து. நாங்க ரொம்பப் படுத்திட்டோம் அவரை."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்னு சொன்ன ஞாபகம்."

"அட, நம்மூரு ஆளுதான்." முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "பேரு இன்னா?"

வாயைத் திறந்தேன். முழுக்கைச் சட்டை ஞாபகம் இருந்தது, இரண்டு பேனா ஞாபகம் இருந்தது, மூடிய புத்தகத்தின்மேல் இருந்த கை ஞாபகம் இருந்தது. முதல் நாள் கரும்பலகையில் அவர் தன் பெயரை எழுதியதும் ஞாபகம் இருந்தது. என்ன எழுதினார் என்பது இல்லை. நாக்கு நுனிக்கு வந்தது நாங்கள் வைத்த பெயர் மட்டும்தான்.

"மறந்துட்டேம்மா" என்றேன்.